வாசல் மரம் விழுமா?

“மரமா? அது பாட்டுக்கு நிற்கிறது. அதனால் நமக்கு என்ன வந்துவிடப் போகிறது?” என்று கேட்பவர்கள் ஒரு பக்கம். ஒரு கிளை முறிந்த சத்தம் கேட்டதுமே, “அடியோடு வெட்டித் தள்ளுங்க! குழந்தைங்க நடமாடுற இடம்!” என்று கூச்சல் போடுபவர்கள் இன்னொரு பக்கம். எந்தத் தெருவிலும் இந்த இரண்டு கட்சியும் உண்டு. இரண்டு கட்சிக்காரர்களும் செய்யாத காரியம் ஒன்று இருக்கிறது. அந்த மரத்தின் அடியில் போய் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பதுதான் அது.

ஸ்கூல் வேனுக்காகக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நாம் நிற்பது எங்கே? மரத்தடியில். காய்கறி வண்டி, இஸ்திரி வண்டி, ஆட்டோ ஸ்டாண்ட் எல்லாமே மரத்தடியில்தான். நம் ஊர் வெயிலுக்கு வேறு போக்கிடம் ஏது? அதனால் மரம் ஏன் விழுகிறது, எப்படி விழுகிறது என்று தெரிந்துகொள்வது, பால் பொங்குமுன் அடுப்பைத் தணிக்கத் தெரிந்துகொள்வது போல நமக்கு அவசியமான விஷயம். பெரும்பாலான மரங்கள் திடீரென்று விழுவதில்லை. பல மாதங்களாக, சில சமயம் பல வருஷங்களாகவே சொல்லிக்கொண்டுதான் விழுகின்றன. வாசலில் கோலம் போட தினமும் குனிந்து நிமிர்கிற உங்கள் கண்ணுக்குத்தான் அது முதலில் தெரியும்.

வேர் எங்கே இருக்கிறது?

மரம் மேலே எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழத்துக்குக் கீழே வேர் போயிருக்கும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. பெரிய மரத்துக்கும் வேரில் பெரும் பகுதி மேல்மண்ணில், மூன்று அடி ஆழத்துக்குள்ளேயே இருக்கிறது. வேருக்கும் மூச்சுவிடக் காற்று வேண்டும்; ஆழத்தில் அது கிடைக்காது. அதனால் வேர் பக்கவாட்டில் ஓடுகிறது. கிளை எதுவரை நிழல் தருகிறதோ அதையும் தாண்டி ஓடுகிறது.

பூஜை அறையில் இருக்கும் குத்துவிளக்கைப் பாருங்கள். உயரமான தண்டு, அதைத் தாங்க அகலமான அடித்தட்டு. மரமும் இப்படித்தான் நிற்கிறது. இந்த விளக்கின் அடித்தட்டில் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டால் என்ன ஆகும்? மேலே எண்ணெயும் திரியும் இல்லாத வரைக்கும் ஒருவேளை நிற்கும். விளக்கேற்றும்போது கை லேசாகப் பட்டால் போதும், சாய்ந்துவிடும்.

நம் தெருக்களில் நடப்பது இதுதான். மழைநீர் வடிகாலுக்கு ஒரு பள்ளம், அடுத்த வருஷம் குடிநீர்க் குழாய்க்கு ஒன்று, அதற்கும் அடுத்து கேபிளுக்கு ஒன்று. ஒவ்வொரு தடவையும் மண்வெட்டிக்குக் குறுக்கே வந்த வேரை நறுக்கி எறிந்துவிட்டு, மேலே மண்ணைத் தள்ளி சிமெண்ட் பூசிவிட்டுப் போகிறார்கள். இலை உடனே வாடுவதில்லை. பச்சைப் பசேலென்று நிற்கிறது மரம். “நல்லாத்தானே இருந்துச்சு!” என்று அது விழுந்த பிறகு எல்லோரும் சொல்வது இதனால்தான். சாப்பாடு எடுக்கும் மெல்லிய வேர்கள் எஞ்சியிருந்தால் இலை பச்சையாகத்தான் இருக்கும். மரத்தைப் பிடித்து நிறுத்தும் தடித்த வேர் போனது வெளியே தெரியாது.

2022 ஜூன் மாதம் சென்னை கே.கே. நகரில் மாலை நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த கார் மீது ஒரு பெரிய மரம் சாய்ந்தது. அதில் இருந்த ஒரு பெண்மணி இறந்துபோனார். அந்தச் சாலையில் மழைநீர் வடிகால் பணி நடந்துகொண்டிருந்தது. பள்ளம் தோண்டியதால்தான் விழுந்தது என்று மக்கள் சொன்னார்கள். பணி நடந்த இடம் வேறு, மழையால் விழுந்தது என்று மாநகராட்சி சொன்னது. அந்த வழக்கை நாம் இங்கே தீர்க்க வேண்டாம். ஆனால் உங்கள் தெருவில் மரத்துக்குப் பக்கத்தில் பள்ளம் தோண்டும்போது, “ஐயா, அந்தத் தடி வேரை வெட்டாதீங்க, கொஞ்சம் தள்ளித் தோண்டுங்க” என்று மேஸ்திரியிடம் சொல்லலாம். ‘பெண் பிள்ளை சொல்லி நாம் கேட்பதா’ என்று முறைப்பவர்களும் உண்டு. அதற்கு ஒரு வழி இருக்கிறது. வெட்டுண்ட வேரை போனில் படம் எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

சிமெண்ட் விஷயமும் அப்படியே. அடிமரத்தைச் சுற்றி ஒட்டினாற்போல் சிமெண்ட் பூசினால் தண்ணீரும் காற்றும் உள்ளே போகாது. வேர் மெள்ளச் செத்துப்போகும். மரத்தைச் சுற்றி 1 மீட்டர் தூரத்துக்கு சிமெண்ட்டை எடுத்துவிட வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் டெல்லி அதிகாரிகளுக்கு உத்தரவிட்டது. வாசலைப் பளிச்சென்று வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு மரத்தின் கழுத்துவரை டைல்ஸ் ஒட்டுகிறோமே, நாம் என்ன உத்தரவு போட்டுக்கொள்வது?

புயல் வந்தால் என்ன ஆகிறது?

2016 டிசம்பர் 12-ம் தேதியை சென்னைவாசிகள் மறக்க மாட்டார்கள். வார்தா புயல் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தோடு நகரத்தின் மேலேயே நடந்து போயிற்று. மறுநாள் காலையில் பல தெருக்களில் வெயில் வந்து விழுந்தது. நிழல் தந்த மரங்கள் தரையில் கிடந்தன. கிண்டி பூங்காவிலும் வண்டலூர் உயிரியல் பூங்காவிலும் விழுந்த மரங்களுக்கு ஆயிரக்கணக்கில் கணக்குச் சொன்னார்கள்.

காற்றில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற பலம் நான்கு மடங்கு ஆகிறது. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. மொட்டைமாடிக் கொடியில் புடவையை விரித்துக் காயப் போட்டால் கழி வளைகிறது. அதையே மடித்துப் போட்டால் அசைவதில்லை. நெருக்கமான இலையோடு குடை மாதிரி விரிந்த மரம், விரித்த புடவை. பனை மரமோ மடித்துப் போட்ட புடவை. அதோடு மழையும் சேர்ந்தால் இலையெல்லாம் நனைந்து மேலே பாரம் கூடும். கீழே மண் சேறாகி வேரைப் பிடித்திருந்த பிடி தளரும். பாரம் ஏறும் நேரத்திலேயே பிடிமானம் போகிறது.

வார்தாவில் அதிகம் விழுந்தவற்றில் குல்மோகரும் இயல்வாகையும் முன்னே நின்றன. குல்மோகரின் தாய்வீடு மடகாஸ்கர் தீவு. சீக்கிரம் வளரும், கோடையில் சிவப்பாகப் பூத்துக் கொட்டும் என்று தெருவெல்லாம் வைத்தோம். சீக்கிரம் வளர்கிற மரத்தில் கட்டையில் உறுதி குறைவாக இருப்பது சகஜம். “அப்போ நாட்டு மரம் விழாதா?” என்றால், விழும். வேரை வெட்டிவிட்டால் வேம்பும் விழும். அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்துப் பெரிய ஆலமரத்தின் நடு மரமே 1989 புயலில் சாய்ந்தது. ஆனால் சுற்றிலும் நூற்றுக்கணக்கில் விழுது ஊன்றியிருந்ததால் மரம் இன்னும் உயிரோடு இருக்கிறது. விழுது இறங்கும் ஆலமரத்தைத் தெருவில், “பஸ்ஸுக்கு இடிக்கிறது” என்று விழுதை நறுக்கி நறுக்கி மொட்டையாக்கி வைத்திருக்கிறோம். அதற்குப் பிடித்துக்கொள்ள கை ஏது?

மரத்தின் காயம் ஆறுவதில்லை

நம் விரலில் கத்தி பட்டால் மஞ்சள் வைக்கிறோம், நாலு நாளில் புதுத் தோல் வந்துவிடுகிறது. மரத்துக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. கெட்டுப்போன பகுதியைச் சுற்றி அது உள்ளுக்குள் மதில் எழுப்பிக்கொள்கிறது. மதிலுக்கு வெளியே புதுக் கட்டை வளர்கிறது. பழைய காயம் உள்ளேயே மூடிக் கிடக்கிறது. அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் அறுத்துப் பார்த்து 1970-களில் இதை விளக்கினார். அதுவரை, வெட்டின இடத்தில் தார் பூசுவதும், பொந்தில் சிமெண்ட் அடைப்பதும் பெரிய வைத்தியமாக இருந்தன. தார் பூசினால் அழுகல் நிற்பதில்லை என்று அவர் காட்டினார். இன்றும் நம் ஊரில் பொந்தை சிமெண்ட் வைத்து அடைப்பவர்கள் இருக்கிறார்கள். மரம் காற்றில் வளையும், சிமெண்ட் வளையாது. உரசி உரசி காயம்தான் பெரிதாகும்.

கிளையை வெட்டும் முறையும் முக்கியம். கிளை மரத்தோடு சேரும் இடத்தில் கொஞ்சம் புடைத்து, சட்டைக் காலர் மாதிரி ஒரு வளையம் இருக்கும். மதில் எழுப்பும் சக்தி அங்கேதான். அதை விட்டு, அதற்குச் சற்று வெளியே அறுத்தால் மரம் பிழைத்துக்கொள்ளும். மின்கம்பிக்கு இடிக்கிறது என்று ஒரு பக்கத்தை மட்டும் அரிவாளால் கொத்திவிட்டுப் போனால், பாரம் மறுபக்கம் சாய்ந்துவிடும். கொத்தின இடத்தில் அழுகல் புகும். உச்சியை மொட்டையடித்த மரத்தில் கொத்தாகத் துளிர்க்குமே, பார்த்திருப்பீர்கள். பார்க்கப் பசுமையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் புதுக் கிளைகள் பட்டைக்குக் கீழே மேலோட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நாலைந்து வருஷத்தில் தடித்துப் பாரம் ஏறியதும் பிய்ந்து விழும்.

குப்பையை மரத்தடியில் குவித்துக் கொளுத்துவதை என்னவென்று சொல்வது! மரத்தின் உயிரோட்டம் பட்டைக்கு ஒட்டின மெல்லிய ஏட்டில்தான் ஓடுகிறது. சூடு பட்டால் அந்தப் பக்கம் வெந்துபோகும். பின்னால் பட்டை உரியும், காளான் புகும். இஸ்திரி வண்டிக்காரர் கரியைக் கொட்டுவதும் அங்கேதான். அவர் மேல் குற்றமில்லை, சொல்லுவாரில்லை. “தம்பி, கரியைக் கொஞ்சம் தள்ளிக் கொட்டுப்பா” என்றால் கேட்டுக்கொள்வார்.

“நடுவில் பொந்து விழுந்துவிட்டதே, அவ்வளவுதானா?” என்று பயப்பட வேண்டாம். மூங்கிலும் உள்ளே காலிதான், எத்தனை பலம்! சுற்றிலும் கெட்டிக் கட்டை போதுமான தடிமன் இருந்தால் பொந்துள்ள மரமும் நிற்கும். மரத்தின் நடுவிலிருந்து பட்டை வரையுள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்காவது நல்ல கட்டை இருக்க வேண்டும் என்பது மர வல்லுநர்கள் வைத்திருக்கும் கணக்கு. 30 சென்டிமீட்டர் தூரம் என்றால் 10 சென்டிமீட்டர். அதைத் தட்டியும் குடைந்தும் பார்ப்பது அவர்கள் வேலை.

காற்றே இல்லாத நாளில்

புயல் நாளில் எல்லோரும் வீட்டுக்குள் இருப்போம். மற்ற நாட்களில்தான் ஜாக்கிரதை தளர்ந்திருக்கும். 2017 ஆகஸ்ட் 15-ம் தேதி, போர்ச்சுகல் நாட்டைச் சேர்ந்த மதீரா தீவில் மாதாகோவில் திருவிழாவுக்காகக் கூடியிருந்தவர்கள் மேல் சுமார் 200 வருஷத்து ஓக் மரம் ஒன்று சாய்ந்து 13 பேர் இறந்துபோனார்கள். அன்று புயலும் இல்லை ஒன்றுமில்லை.

மரம் முழுசாகச் சாயாமல், கொளுத்தும் வெயில் நாளில், இலைகூட அசையாதபோது ஒரு பெரிய கிளை மட்டும் ‘படார்’ என்று முறிந்து விழுவதும் உண்டு. நீளமாகப் படுக்கைவசத்தில் நீண்ட பெரிய கிளைகளில்தான் இது அதிகம். ஏன் என்பதில் வல்லுநர்களுக்குள்ளேயே ஒருமித்த முடிவு இல்லை. படுத்தாற்போல் நீண்ட கனமான கிளைக்கு நேர் கீழே குழந்தைக்குத் தூளி கட்டாதீர்கள்; தினமும் ஒரே இடத்தில் பாய் விரிக்காதீர்கள். அடிமரத்துக்குப் பக்கத்து நிழலே போதும்.

முருங்கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ‘முருங்கை பருத்தால் தூணாகுமா?’ என்று நம் பாட்டிகள் கேட்டது கட்டையைப் பார்த்துத்தான். கீரை பறிக்க ஏறும் பிள்ளைகளைத் தடுங்கள். தொரட்டி எதற்கு இருக்கிறது?

தென்னையில் விழுவது மரமல்ல, தேங்காய். சிரிக்காதீர்கள். பாப்புவா நியூ கினியாவில் பீட்டர் பார்ஸ் என்ற டாக்டர் தம் ஆஸ்பத்திரியின் நாலு வருஷக் குறிப்புகளைப் பார்த்து 1984-ல் எழுதினார்: காயம்பட்டுச் சேர்ந்தவர்களில் 100-க்கு 2½ பேர் தேங்காய் விழுந்து அடிபட்டவர்கள்! உரிக்காத காய் ஒன்று நல்ல கனம். அறுபது எழுபது அடி உயரத்திலிருந்து வந்தால் கேட்க வேண்டுமா? 2010 நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா மும்பை மணி பவனுக்கு வந்தபோது, அங்கே தென்னை மரங்களில் இருந்த காய்களை முன்கூட்டியே பறித்துவிட்டார்களாம். ஜனாதிபதி தலைக்கு இருக்கிற மதிப்பு நம் குழந்தையின் தலைக்கும் உண்டு. மாதம் தவறினாலும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது காயையும் காய்ந்த மட்டையையும் இறக்கச் சொல்லுங்கள்.

என்ன பார்க்க வேண்டும்?

முதலில் அடி. வேர்ப் பக்கத்தில் மண் வெடித்திருக்கிறதா, ஒரு பக்கம் தரை தூக்கியிருக்கிறதா? மழைக்குப் பிறகு இது தெரிந்தால் அதுதான் அவசரம். மரம் சாய ஆரம்பித்துவிட்டது. சாய்வு என்றாலே ஆபத்து என்று இல்லை. சின்னதிலிருந்தே சாய்ந்து வளர்ந்த மரம், மேலே போகப் போக நிமிர்ந்து வளைந்திருக்கும். அதற்குப் பழக்கம். நேற்றுவரை நேராக நின்று இன்று சாய்ந்திருப்பதுதான் கவலை.

அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருந்தால் உள்ளே அழுகல் வேலை செய்கிறது என்று அர்த்தம். தென்னையில் இந்தக் காளான் நோய்க்கு ‘தஞ்சாவூர் வாடல்’ என்றே பெயர். மாவு மாதிரி மரத்தூள் கொட்டிக் கிடந்தால் வண்டு குடைகிறது. மற்ற கிளையெல்லாம் துளிர்க்க ஒன்று மட்டும் மொட்டையாக நின்றால் அது செத்த கிளை; இன்றோ நாளையோ விழும். கடைசியாகக் கவை. இரண்டு தடித்த மரங்கள் ‘ய’ எழுத்தின் பள்ளம்போல் அகலமாகப் பிரிந்தால் பலம். கத்திரிக்கோல் முனைபோல் நெருக்கமாகப் பிரிந்து நடுவில் பட்டை சிக்கியிருந்தால் பலவீனம். அங்கே விரிசல் தெரிந்தால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

யாரிடம் சொல்வது? சென்னையில் மாநகராட்சிப் புகார் எண் 1913. மற்ற ஊர்களில் நகராட்சி, பஞ்சாயத்து அலுவலகம். தெரு மரம் நம் சொத்தல்ல. நாமே ஆள் வைத்து வெட்டக் கூடாது. ‘மரம் ஆபத்தாக இருக்கிறது’ என்று பொதுவாகச் சொன்னால் காதில் ஏறாது. “வேம்பு, பள்ளிக்கூட வாசல், கிழக்குப் பக்கம் மண் நாலு விரல் தூக்கியிருக்கிறது” என்று சொல்லிப் பாருங்கள். புகார் எண்ணை வாங்கி காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். நடவடிக்கை வரும்வரை ஸ்கூல் வேனை வேறு இடத்தில் நிற்கச் சொல்வது நம் கையில் இருக்கிறது.

காற்று மழையில் மரத்தடியில் ஒதுங்காதீர்கள். இடி மின்னலில் கூடவே கூடாது. புயல் ஓய்ந்த மறுநாளும் ஜாக்கிரதை. பாதி முறிந்து மேலே சிக்கியிருக்கும் கிளை எப்போது வேண்டுமானாலும் இறங்கும். விழுந்த மரத்தோடு மின்கம்பியும் கிடந்தால் முப்பது அடி தள்ளியே நில்லுங்கள். ஈரத் தரையிலும் மின்சாரம் ஓடும். ‘விறகு கிடைத்தது’ என்று ஓடுகிறவர்களையும் தடுங்கள்.

யாராவது அடிபட்டுவிட்டால்

மரத்தடியில் யாராவது சிக்கிக்கொண்டால் தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108. மேலே இன்னொரு கிளை தொங்கவில்லை என்று பார்த்த பிறகே கிட்டப் போங்கள். கழுத்திலோ முதுகிலோ அடி இருக்கலாம். தூக்கி உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

தலையில் அடிபட்ட குழந்தை எழுந்து ஓடிவிட்டால், “ஒண்ணும் ஆகலை” என்று விட்டுவிடுவோம். ஒரு நாள் முழுக்கக் கண்காணிப்பு வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு, கண்மணி ஒன்று பெரிதாக ஒன்று சிறிதாகத் தெரிவது, காதிலோ மூக்கிலோ நீரோ ரத்தமோ கசிவது, பேச்சுக் குழறல், நடை தள்ளாட்டம்: இதில் ஒன்று இருந்தாலும் நேரே பெரிய ஆஸ்பத்திரி. ஒரு நிமிஷம் நினைவு தப்பியிருந்தாலும் அப்படியே. உயரத்திலிருந்து தேங்காயோ தடித்த கிளையோ விழுந்திருந்தால் எந்த அறிகுறிக்கும் காத்திருக்க வேண்டாம்.

இவ்வளவும் படித்துவிட்டு, “வாசல் மரத்தை வெட்டிடலாமா?” என்று வீட்டில் பேச்செடுக்காதீர்கள். பிரிட்டனில் கணக்கெடுத்தபோது, ஒருவர் ஒரு வருஷத்தில் மரம் விழுந்து இறக்கும் சாத்தியம் ஒரு கோடியில் ஒன்று என்று வந்தது. நம் ஊர்ப் புயலும் பள்ளமும் வேறு தினுசுதான். ஆனாலும் தெருவைக் கடப்பதில் இருக்கிற ஆபத்துக்கு முன்னால் இது கால் தூசு. வெட்டின மரத்தால் வருகிற வெயிலோ தினசரி ஆபத்து.

போன மரத்துக்குப் பதில் ஒன்று வைக்கிறீர்களா? நர்சரியில் உயரமான கன்றைத் தேடாதீர்கள். பையில் ரொம்ப நாள் இருந்த கன்றின் வேர், பிரிமணை மாதிரி சுற்றிச் சுற்றி வளர்ந்திருக்கும். அப்படியே நட்டால் பெரிய மரமானாலும் வேர் அதே சுற்றில் நின்று, முதல் பெருங்காற்றில் மொத்தமாகப் பெயர்ந்துவரும். பையைக் கிழித்ததும் சுற்றிய வேரை விரலால் பிரித்துவிடுங்கள், பிரியாததை நறுக்கிவிடுங்கள். புங்கை, வேம்பு, பூவரசு எதுவானாலும் மின்கம்பிக்கு நேர் கீழே வேண்டாம். ஊன்றுகோல் கட்டினால் தளரக் கட்டுங்கள். காற்றில் ஆடி ஆடித்தான் தண்டும் வேரும் உரம் பெறும். ஒரு வருஷத்தில் கட்டை அவிழ்த்துவிடுங்கள், மறந்தால் கயிறு கழுத்தை அறுக்கும். சுற்றிலும் மூன்று அடிக்கு மண்ணாகவே இருக்கட்டும்.